கல்வெட்டில் ஆறு ஊர்கள், பத்திரத்தில் ஆயிரம் மனைகள்

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்காவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவ்விடம் வந்து செல்லும் பல்லாயிரம் பேரில் அதை நின்று படிப்போர் மிகச் சிலரே. அது பேசும் பொருள் நிலம். கோரிப்பாளையம், சொக்கிகுளம், பீபிகுளம், சிறுதூர், கண்ணனேந்தல், திருப்பாலை ஆகிய ஆறு ஊர்கள் கூன் பாண்டியனிடமிருந்து 14,000 பொன் கொடுத்துப் பெறப்பட்டவை என்றும், பிற்காலத்தில் அவற்றின் மீது வழக்கு எழுந்தபோது 1573ஆம் ஆண்டில் வீரப்ப நாயக்கர் விசாரித்து அந்த உரிமை செல்லும் எனத் தீர்த்து வைத்தார் என்றும் அதன் செய்தியைச் சொல்வார்கள்.

மதுரையில் வாழ்வோருக்கும் மதுரையில் ஒரு வீட்டுமனை வாங்கலாமா என்று எண்ணுவோருக்கும் இந்த ஊர்ப்பெயர்கள் புதியன அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரங்களிலும், மனைத் தரகர்களின் பேச்சிலும், பத்திரப் பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலிலும் நாள்தோறும் நாம் காணும் பெயர்களே இவை. நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வயலும் குளமுமாய்க் கிடந்தபோதே வழக்குக்குரியதாக இருந்த மண், இன்று சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது.

அவ்வூர்கள் எமக்கு உரியவை என்று எவரும் இன்று கிளம்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அங்கே எல்லாச் சமயத்தாரும் முறையாக விலை கொடுத்து வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து வாழ்கிறார்கள். நம் கவனத்தைக் கவர்வது வேறொன்று. மூலக் கிரயத்தைப் பற்றிய பகுதி காலக் கணக்கில் சிக்கலுடையது. கூன் பாண்டியன் என்ற பெயரைச் சைவ மரபு பல நூற்றாண்டுகள் முந்திய ஒரு மன்னனுக்கு வழங்குகிறது. அவன் காலத்தில் இங்கே சுல்தான்கள் எவரும் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் அந்தப் பகுதியைச் செவிவழி மரபாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் 1573இன் விசாரணை உறுதியான நிலத்தில் நிற்கிறது. ஓர் இந்து அரசர், முஸ்லிம்களின் நில உரிமை குறித்த வழக்கைக் கேட்டு, முடிவைக் கல்லில் பொறிக்கச் செய்தார். நிலத்துக்கு உரிமை உண்டு, அந்த உரிமைக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் எழுத்தில் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் அன்றைய மதுரை அறிந்திருந்தது. ‘கோர்’ என்ற பாரசீகச் சொல்லுக்குக் கப்ரு என்று பொருள். கப்ருகளைச் சுற்றி அமைந்த பாளையம் கோரிப்பாளையம் ஆயிற்று.

விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லும் அந்த மரபும் பொருளற்றதன்று. மதீனாவில் பள்ளிவாசலுக்கென இடம் தேர்ந்தபோது, அது அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியது என்று அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர்கள் அன்பளிப்பாகத் தர முன்வந்தும் ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்பதை நாம் அறிவோம். தம் நிலம் எப்படி வந்தது என்று சொல்ல நேர்ந்த மதுரை முஸ்லிம்கள், வென்றெடுத்தோம் என்று சொல்லாமல் வாங்கினோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனி நகரின் கதைக்கு வருவோம். நாயக்கர் காலத்து மதுரை கோட்டைக்குள் அடங்கிய ஊர். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரத்துள் சதுரமாய் விரிந்தன. அவற்றுக்கு அப்பால் மதிலும் அகழியும். 1763, 1764ஆம் ஆண்டுகளில் கான் சாகிப் என்று நாம் அழைக்கும் யூசுப் கான், ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து நடத்திய முற்றுகையை இந்த மதிலின் துணையோடுதான் மாதக் கணக்கில் தாங்கினார். காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட அவருடைய அடக்கத்தலம் இன்று நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது.

அந்த மதில் எழுபது ஆண்டுகளுக்குப் பின் எதிரியின் பீரங்கி இல்லாமலே விழுந்தது. 1837ஆம் ஆண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்கத் தொடங்கினார். அகழி வற்ற வைக்கப்பட்டது. மதிலின் இடிபாடுகளே அதைத் தூர்த்தன. இடிக்கவும் தூர்க்கவும் முன்வருவோருக்கு அவ்விடமே மனையாகக் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார் என்பது மதுரைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தூர்ந்த அகழியின் மேல் வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் எழுந்தன. பின்னிரண்டும் அவ்வேலையை அளந்து நடத்தியவர்களின் பெயரைத் தாங்கியவை. பிளாக்பர்னின் நினைவாக நடப்பட்ட விளக்கு இன்றும் நிற்கிறது. அவர் பெயரை மறந்த மக்கள் அவ்விடத்தை விளக்குத்தூண் என்று மட்டும் அழைக்கிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேலவாசலில் கோட்டையின் ஒரு துண்டும் எஞ்சியுள்ளது.

நெரிசலிலும் நோயிலும் தவித்த ஊருக்கு அந்த இடிப்பு தேவையாகவே இருந்தது. போர்க்கால மதிலைப் பாதுகாத்து எவருக்கும் பயன் விளைந்திராது. ஆயினும் மதுரையின் மனை வாணிகத்துக்கு அதுவே முன்மாதிரியும் ஆயிற்று. எவருக்கும் தனிச்சொத்தாக இல்லாத ஒரு பொது இடம், பள்ளமாய் இருப்பதால் தூர்க்கப்பட்டு, மனையாகப் பிரிக்கப்பட்டு, பட்டாவாக மாறும் வழியை மதுரை 1837இல் கற்றுக்கொண்டது. அகழியில் நின்றது காவல் நீர். அடுத்த நூற்றாண்டில் தூர்க்கப்பட்டது உழவு நீர்.

1875இல் இரயில் மதுரைக்கு வந்தது. 1889இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. 1892இல் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை தொடங்கியது. 1871இல் 51,987 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 1,05,984 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் ஊர் இரு மடங்கு.

இவற்றுள் நம் கதைக்கு மிகுதியும் வேண்டியது பாலம். அதுவரை வெள்ளம் வந்தால் வடகரை தனித்து நின்றுவிடும். பாலம் வந்தபின் அதிகாரிகளின் பங்களாக்களும் அலுவலகங்களும் வடக்கே பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கன் கல்லூரியும் பசுமலையிலிருந்து கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்தது. விடுதலைக்குப் பின் வீட்டுவசதி வாரியம் அண்ணா நகரையும், தென்கரையில் எல்லீஸ் நகர், வில்லாபுரம் குடியிருப்புகளையும் அமைத்தது. காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் மஹபூப்பாளையத்திலும் கூட்டுக்குடும்பமாய் வாழ்ந்த நம்மவரும், வளைகுடாப் பணம் வரத்தொடங்கிய பின், ஆற்றைக் கடந்து மனை தேடினார்கள். உம்மாவின் நகையும் வாப்பாவின் பத்தாண்டு வெளிநாட்டு உழைப்பும் சேர்ந்தால்தான் ஒரு மூன்று சென்ட். அந்த மூன்று சென்ட் எந்த மண்ணின் மேல் இருக்கிறது என்பதே நாம் பேச வேண்டியது.

வடகரையின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், உலகநேரி. குளம் என்பதும் ஏரி என்பதும் சொல்லாமலே விளங்கும். ஏந்தல் என்பதும் நீர் ஏந்தும் தாழ்நிலத்தையே குறிக்கும். பாண்டிய நாட்டில் மழை குறைவு. வைகை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. ஆகவே முன்னோர் சரிவு பார்த்துக் கரை எழுப்பி, பெய்த மழையைக் கண்மாய்களில் தேக்கினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் வழியே அடுத்ததற்கு ஓடும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசிக் கண்மாயின் உபரி வைகையில் விழும். செல்லூர்க் கண்மாயின் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே ஆற்றை அடைவது இந்த ஏற்பாட்டின் எச்சம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு மேலே வெள்ளம், கீழே வறட்சி.

கண்மாய் எப்படிச் சாகிறது? ஒரே நாளில் எவரும் லாரி லாரியாய் மண் கொட்டி அதை மூடிவிடுவதில்லை. முதலில் சாவது ஆயக்கட்டு. கண்மாய் நீரால் விளைந்த வயல்கள் ஒவ்வொன்றாய் மனையாகும். அவை பட்டா நிலங்கள். விற்பதை எவரும் குறை சொல்ல இயலாது. வயல் போனபின் மடையைத் திறக்க ஆள் இல்லை, வரத்துக்காலைத் தூர்வார ஆள் இல்லை, கரையைக் காக்க ஊர்க்கூட்டம் இல்லை. வரத்துக்காலின் மேல் ஒரு மனைப்பிரிவின் சாலை வரும், கால்வாய் குழாயாகச் சுருங்கும், குழாய் அடைபடும். நீர் வராத கண்மாயில் கருவேலம் வளரும், குப்பை சேரும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது பயனற்ற தரிசு. அப்போது அரசு அலுவலகம் ஒன்றுக்கு இடம் தேவைப்படும். தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். கண்மாய் அரசுப் புறம்போக்கு. விலையும் இல்லை, வழக்கும் இல்லை. பொதுக் கட்டடம் எழுந்தால் அதற்குச் சாலை வரும், மின்சாரம் வரும், சுற்றிலும் மனை விலை ஏறும். எஞ்சிய நீர்ப்பிடிப்பு அதன்பின் தாங்குவதில்லை.

இதற்கு மதுரையில் யாவரும் அறிந்த சான்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே. 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட அந்த வளாகம் நிற்பது உலகநேரிக் கண்மாயில். தென்மாவட்ட மக்கள் ஒவ்வொரு வழக்குக்கும் சென்னைக்கு அலைந்த துன்பத்தைத் தீர்த்த நீதிமன்றம் அது. அதன் தேவையை மறுப்பார் இலர். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லும் ஆணைகள் பல அங்கிருந்தே பிறக்கின்றன என்பதுதான் விந்தை. குளத்தில் வீடு கட்டியவர் குளத்தில் நிற்கும் மன்றத்தில் பதில் சொல்கிறார். ஏழையின் குடிசை ஆக்கிரமிப்பு என்றும், அரசின் கட்டடம் வளர்ச்சி என்றும் பெயர் பெறுவது நமக்கு உடன்பாடில்லை. தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

2024 அக்டோபர் இறுதியில் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாயின் நீர் வெளியேற வழியின்றிச் சுற்றியிருந்த தெருக்களுக்குள் புகுந்ததை நாம் பார்த்தோம். அவ்வீடுகளில் பல முறையான பத்திரமும் வரி ரசீதும் உடையவை. தாழ்நிலத்தில் வீடு வாங்கியது ஒன்றே அம்மக்கள் செய்தது.

2011இல் மாநகராட்சியின் எல்லை சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 148 ஆக விரிந்தது. வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், பேரூராட்சிகளும், சிற்றூராட்சிகளும் அதில் கரைந்தன. கல்வெட்டில் இடம்பெற்ற திருப்பாலையும் கண்ணனேந்தலும் ஊராட்சிகளாய் இருந்து மாநகரின் பகுதியானது அப்போதுதான். 2023 ஏப்ரலில் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் திறக்கப்பட்டது. நகரின் நெரிசலில் அரைமணி நேரம் எடுத்த தூரத்தைச் சில நிமிடங்களில் கடக்க முடிகிறது; தொலைவு என்று ஒதுக்கப்பட்ட ஊர்கள் அருகில் வந்துவிட்டன, விலையும் உடன் வந்துவிட்டது.

மனை வாங்கப் போகும் குடும்பம் பொதுவாக இரண்டைக் கேட்கிறது: பட்டா இருக்கிறதா, வில்லங்கம் இல்லையா? இரண்டும் வேண்டியவையே, இரண்டும் போதா. வில்லங்கச் சான்று என்பது, நாம் கேட்ட ஆண்டுகளுக்குள் அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். அந்நிலம் முன்பு ஓடையா, கண்மாய் உள்வாயா, மேய்ச்சலா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்று வகை எழுதப்பட்டிருக்கும். புறம்போக்கு என்றால் எவ்வகை என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். கூடவே கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்தால் வாய்க்கால் எங்கே ஓடியது என்பது கோடாகவே தெரியும். மனைப்பிரிவுக்கு நிறுவனம் சூட்டிய அழகிய ஆங்கிலப் பெயரை மறந்து, பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரைப் படிக்க வேண்டும். அங்கேதான் ஏந்தலும் குளமும் ஒளிந்திருக்கின்றன.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி வகுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். வரன்முறை ஆணை பெற்றதால் தாழ்நிலம் மேடாகிவிடாது. அரசு ஏற்றுக்கொண்ட மனையிலும் முன்பு நீர் ஓடிய பாதையைக் கேட்டறிவது வாங்குபவரின் கடமை. பிறருக்கு உரிய ஒரு சாண் நிலத்தை அநியாயமாய் எடுத்துக்கொள்வோருக்கு மறுமையில் உண்டாகும் நிலையை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நம் ஆலிம்கள் ஜும்ஆ தோறும் சொல்லலாம். வாய்க்காலை மறித்து மதில் எழுப்பும்போது அந்தச் சாண் எவருடையது என்ற கேள்விக்கு, கீழே உள்ள தெருவில் வாழும் அத்தனை பேருடையது என்பதே விடை.

இந்நகர வளர்ச்சியில் நம் சமுதாயத்துக்கே உரிய இன்னொரு பொறுப்பு வக்ஃபு நிலங்கள். நகருக்கு வெளியே இருந்த கப்ருஸ்தான்கள் இன்று நகருக்குள் வந்துவிட்டன. காலி இடமாய்த் தோன்றும் எதன் மீதும் விலை கேட்கும் கண் விழும். வெளியார் மட்டுமே குற்றவாளி என்று சொல்வது நேர்மையாகாது. குறைந்த வாடகைக்குக் கடையைப் பிடித்துத் தலைமுறைக் கணக்கில் விடாதிருப்பவருள் நம்மவரும் உண்டு. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஒரு சொத்து வக்ஃபு ஆகும் என்ற பழைய நிலையை இனி வருபவற்றுக்கு நீக்கிவிட்டது. அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய உமீத் இணையதளத்தில் ஏற்கெனவே உள்ள சொத்துகளின் விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்தின் நியாயம் குறித்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. அவற்றின் முடிவு எதுவாயினும், ஆவணம் கேட்கப்படும் காலம் வந்துவிட்டது.

இங்கே பல ஜமாஅத்துகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முந்திய வக்ஃபுப் பத்திரங்கள் நிலத்தை நான்கெல்லை சொல்லி அடையாளம் காட்டும்: கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே கண்மாய்க் கரை, வடக்கே வண்டிப்பாதை. இன்று அந்தத் தோட்டம் இல்லை, கரை இல்லை, வண்டிப்பாதை தார்ச்சாலை. பிறகு வந்த அளவையில் சர்வே எண் தரப்பட்டது. ஊர் நகரத்தில் சேர்ந்து நகர நில அளவை நடந்தபோது வார்டு, பிளாக், புதிய எண் என்று மீண்டும் மாறியது. பத்திரத்தில் ஓர் எண், பதிவேட்டில் ஓர் எண். இரண்டும் ஒரே நிலந்தான் என்று காட்டும் தாள் கையில் இல்லாவிட்டால், நூறு ஆண்டுகளாக ஜனாஸாக்களை அடக்கிய இடமும் காகிதத்தில் வேறொருவர் பெயருக்குப் போகலாம்.

அந்தத் தாளுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டும் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். முத்தவல்லியின் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மூலப் பத்திரத்தையும், ‘அ’ பதிவேட்டு நகலையும், நகர நிலவரிப் பதிவேட்டு நகலையும் அதனோடு சேர்த்து மூன்று படிகள் எடுத்து, ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்திலும், ஒன்றை வக்ஃபு வாரியக் கோப்பிலும், ஒன்றை மஹல்லாவின் வழக்குரைஞரிடமும் வைக்கலாம். 2011இல் மாநகரில் சேர்ந்த ஊர்களின் ஜமாஅத்துகளுக்கு இது இன்னும் அவசரம். பழைய தோட்டமும் கரையும் எங்கே இருந்தன என்று நின்று காட்டக்கூடிய முதியவர்கள் அவ்வூர்களில் இன்றும் இருக்கிறார்கள்.